வானத்தில் இல்லாத தகைவிலான்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பவளக்கால் உள்ளான் ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். கொடைரோட்டிலிருந்து நிலக்கோட்டைக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் சின்னக் கண்மாய். மழை பெய்து பாதிக்கு நிறைந்திருந்தது. பறவை ஓரச் சேற்றில் நின்று மூக்கைத் தண்ணீரில் விட்டு விட்டு எடுத்தது. அதன் கால்கள் ரோஜா நிறத்தில், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் இருக்கும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளைக்கென்று தனியாகச் சாயம் தொடுகிற பழக்கம் எனக்கில்லை. தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். எங்கே தொடக்கூடாது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதைச் சுற்றித்தான் வண்ணம் போடுவேன்.

திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நாள் முழுக்க கம்ப்யூட்டர் திரையில் ஓடும். வாரத்தில் ஆறு நாள் திரையைப் பார்க்கிற கண்ணுக்கு ஞாயிறு மட்டும் தூரத்தைக் காட்டலாம் என்றுதான் பறவை பார்க்கப் போனேன். வரைவது பின்னால் ஒட்டிக்கொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுண்டு. போட்டோவைப் பார்த்து வரைவதில்லை. நேரில் என் கண் கண்டது மட்டும்தான் தாளில் வரவேண்டும். பாதியில் பறந்துபோனால் படமும் பாதியில் நிற்கும். அப்படி வாலில்லாத பறவைகளும் ஒற்றைக்கால் பறவைகளும் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

அங்கே என்னைக் கொண்டுபோய் விடுவது அண்ணன். ஊரில் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறான். விடிந்ததும் நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குப் போய், தோட்டக்காரர்கள் பறித்து வைத்த மல்லிகையை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்துவிடுவான். ஞாயிறுகளில் என்னைக் கண்மாயில் இறக்கிவிட்டு, ஊர் ஊராகப் பூ எடுத்துவிட்டுத் திரும்பும்போது ஏற்றிக்கொள்வான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன்; அண்ணனும் மதினியும் கீழே, நான் மாடியில். நாற்பத்தேழு வயதாகியும் அவனுக்கு நான் பாப்பாதான்.

உள்ளானின் முதுகுக்குக் கறுப்பு போட்டுவிட்டு, காய்வதற்காகத் தலையை நிமிர்த்தினேன். எதிர்க்கரைப் பனைகளுக்கு மேலே ஒரு பறவைக்கூட்டம். ரொம்பத் தூரம். பொடிப்பொடியாக, கறுப்பாக, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுற்றியது. தகைவிலான்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். குளிர்காலத்தில் அவை கூட்டமாக வரும். மெல்லிய தூரிகையை எடுத்து, சாம்பல் நிறத்தை நன்றாக நீர்க்க விட்டு, படத்தின் வானத்தில் அவற்றைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்தேன்.

திரும்ப நிமிர்ந்தபோது கூட்டம் பனையை விட்டு வேறிடத்தில் இருந்தது. இடப்பக்கம் பார்த்தேன், அதுவும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் திரும்பினேன், செத்த நேரம் கழித்துப் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. தாளைக் குனிந்து பார்த்தேன். உள்ளானின் வெள்ளை வயிற்றில் புள்ளிகள். ஐயோ, வண்ணம் தெறித்துவிட்டது என்று விரலால் துடைத்தேன். விரல் நகர்ந்தது. புள்ளிகள் விரலின் மேலேயே நகர்ந்தன.

அண்ணன் வண்டி வந்து நின்றது. பின்னால் சாக்குக்குள்ளிருந்து மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது.

"அண்ணே, தகைவிலான் கூட்டம் போகுது பாரு."

"எங்க?"

"அந்தா, பனைக்கு மேல."

நெற்றியில் கையை வைத்து அண்ணன் நன்றாகப் பார்த்தான். அவன் கண் கழுகுக் கண். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவான்.

"ஒன்னுமில்லயே பாப்பா. வெறும் வானமால்ல இருக்கு."

நான் வலது கண்ணைப் பொத்தினேன். வானம் கழுவி விட்டது போலிருந்தது. இடது கண்ணைப் பொத்தினேன். கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 

"கண்ணுல தூசி விழுந்திருக்கும். கசக்காத. வீட்ல போயி தண்ணி விட்டுக் கழுவு" என்றான். பூ வாடுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். ஏறிக்கொண்டேன்.

வீட்டில் எத்தனையோ தடவை கழுவிப் பார்த்தேன். போகவில்லை. மதியம் மதினி கறிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது சோற்றின் மேல் புள்ளிகள் ஊர்ந்தன. இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கவா என்று மதினி கேட்டபோது நான் அவற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் போல ஒரு கீற்று வெட்டியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேகமே இல்லை. கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் வெட்டியது.

யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி பாட்டில் அடி மாதிரி கனமாக இருக்கும். காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தடவித் தேடும் அந்தச் செத்த நேரம் உலகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தபடி படுத்துக் கிடந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்குத் தினமும் காலையில் ஒரு செம்போத்து வரும். நெருப்பு நிற இறக்கையும் சிவப்புக் கண்ணுமாகக் கிளைக்குக் கிளை தத்தி ஏறும். அன்றும் வந்திருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். தலை தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே பறவை இல்லை. மரத்தின் அடி இல்லை, மதில் சுவர் இல்லை. கண்மாயின் கலங்கல் தண்ணீர் போலப் பழுப்பாக ஒன்று கீழிருந்து எழும்பி எல்லாவற்றையும் மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்க, செம்போத்து ஒரு கிளை கீழே இறங்கி அந்தத் தண்ணீருக்குள் முழுகிப்போனது.

"அண்ணே!" என்று நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அண்ணன் அப்போதுதான் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். படியில் தடுமாறி இறங்கி விஷயத்தைச் சொன்னேன்.  "ஏறு" என்றான். மதினி கட்டியிருந்த சேலையோடு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி பூத் தோட்டங்களுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் மதுரைக்கு நேராகப் போனது. கொடைரோட்டைத் தாண்டியதும் அண்ணனின் போன் அடிக்க ஆரம்பித்தது. பறித்த பூவோடு தோட்டக்காரர்கள் காத்திருக்கிறார்கள். நேரத்துக்கு ஆள் வராவிட்டால் பூ அவ்வளவுதான்.

"இன்னிக்கு வரலண்ணே. வேற வண்டி பாருங்க… தங்கச்சிக்குக் கண்ணு போகுதுண்ணே" என்று அவன் யாரிடமோ சொன்னான். கண்ணு போகுது. அந்த வார்த்தையை நான் நேற்றிலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்தேன். அவன் குரலில் அதைக் கேட்டதும் என் கை தானாக மதினியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணைச் சோதித்துக்கொண்டே போனேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, ஸ்கேன் எடுத்து, கூசும் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள பின்சுவத்துல ஒரு படலம் ஒட்டியிருக்கும்மா. விழித்திரைன்னு சொல்லுவோம். உங்களுக்கு அது மேல்பக்கம் கிழிஞ்சு, தண்ணி புகுந்து உரிஞ்சிக்கிட்டு வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அது விடுறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்."

"நான் படம் வரைவேன் டாக்டர். பறவை. நேர்ல பார்த்து வரைவேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "முதல்ல பார்வையக் காப்பாத்துவோம்மா" என்றார். வரையலாம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அத்தோடு விடவில்லை. இடது கண்ணிலும் ஒரு இடம் நைந்து மெலிந்திருக்கிறதாம். அதுவும் கிழியாமல் இருக்க அன்றைக்கே லேசர் வைத்தார்கள். பச்சை வெளிச்சம் பளீர் பளீரென்று மூளைக்குள் இறங்கியது. முடிந்து வெளியே வந்தபோது சுவர், விளக்கு, மதினியின் முகம் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. "மதினி, உங்க சேலை என்ன கலரு?" என்று கேட்டேன். "மஞ்சள்டி" என்றாள். எனக்கு மஞ்சள் தெரியவில்லை. பார்வை பிழைத்தாலும் நிறம் போய்விட்டது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முதல்முறையாக அழுதேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னதை நான் நம்பவில்லை. மதினியின் சேலை மெதுவாக மஞ்சளாகிறவரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன். மயக்கம் கொடுக்க மாட்டார்கள், கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி இறங்கியபோது படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வலி போனது, ஆனால் பார்வை முழுதாகப் போகவில்லை. அதை எனக்கு யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. வெளிச்சமான தண்ணீருக்குள் கறுப்பாக, நீளமாக ஒரு கம்பி வந்தது. துழாவியது. நின்றது. பிறகு எதையோ உறிஞ்சியது. கொக்கு மூக்கை விட்டு மீன் தேடும்போது மீனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூச்சு விடவும் பயந்து கிடந்தேன்.

படலத்தை ஒட்டி, அது மறுபடி விலகாமல் இருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். அந்தக் குமிழ்தான் உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்காக நான் குனிந்த தலை நிமிராமல் இருக்கவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடமும் மதினியிடமும் சொன்னார்: "குமிழ் கரையறவரைக்கும் விமானத்துல போகக்கூடாது, மலை ஏறக்கூடாது. உயரம் போகப்போக வாயு விரியும். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும்."

"விமானத்துக்கு நாங்க எங்க டாக்டர் போறோம்" என்று மதினி சிரித்தாள். அந்த நேரம் அண்ணன் கீழே வண்டியை எடுத்துவரப் போயிருந்தான்.

அப்புறம் வந்த நாட்கள் முழுவதும் தரைதான். நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொள்வேன். படுத்தால் குப்புற. மதினி தரையில் உட்கார்ந்து எனக்கு ஊட்டிவிட்டாள். எரிச்சலில் நான் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டேன். "கோவத்த ஏங்கிட்ட காட்டு, கண்ணக் கசக்காத" என்று சொல்லிவிட்டு அவள் சிந்திய சோற்றை அள்ளினாள். இடது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மொசைக் தரை, வீட்டில் இருப்பவர்களின் பாதங்கள், எறும்பு. மொசைக்கில் கறுப்புக் கற்கள் சிதறிக்கிடக்கும். அவை கற்களா, இடது கண்ணிலும் புள்ளிகள் வந்துவிட்டனவா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். வலது கண்ணில் கட்டை அவிழ்த்த பிறகும் வெள்ளிபோல ஏதோ தளும்பியதே தவிர உருவம் எதுவும் தெரியவில்லை. வெளியே முருங்கையில் செம்போத்து குமுக் குமுக் என்று கூப்பிடும். அந்தச் சத்தம் வந்தால் காதை அடைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு மதியம் அண்ணன் வந்தான். மதினி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

"வா பாப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவம். எம்புட்டு நேரந்தான் தரையவே பாத்துக்கிட்டிருப்ப."

"குனிஞ்சுதான் இருக்கணும்ணே."

"குனிஞ்சே இரு. காத்து மூஞ்சில படட்டும்."

வண்டியின் முன்பக்கத்தில் துண்டை மடித்து வைத்து, அதில் நெற்றியைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஆடாமல் மெதுவாகத்தான் ஓட்டினான். டவுன் சத்தம் குறைந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி யாரிடமோ, "சாயந்தரத்துக்குள்ள இறங்கிருவம்" என்று சொன்னான். டீக்கடையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு காற்று குளிர ஆரம்பித்தது. நன்றாக இருந்தது. கியர் மாற்றும் சத்தம் அடிக்கடி கேட்டது. உடம்பு ஒருபக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது.

காது அடைத்தது.

"அண்ணே, வண்டி எங்க போகுது?"

"சிறுமலைக்குத்தான். சொல்லாமக் கூட்டிட்டுப் போவம்னு பாத்தேன்." அவன் குரலில் சந்தோஷம். "மேல மரத்தடியில உக்காரு. அம்புட்டுப் பறவைச் சத்தமும் கேக்கும். கண்ணு தெரியாட்டி என்ன பாப்பா, காது இருக்குல்ல."

கண்ணு தெரியாட்டி என்ன. அண்ணன் முடிவே செய்துவிட்டான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு வருத்தப்பட நேரமில்லை. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல் வலித்தது.

"நிறுத்து! மலை ஏறக்கூடாதுண்ணே! உள்ள வாயு இருக்கு, விரிஞ்சிரும். கண்ணு வெடிச்சிரும்!"

சட்டென்று பிரேக் போட்டான். "யார் சொன்னா? ஏங்கிட்ட யாருமே சொல்லலயே!"

"திருப்பு. திருப்புண்ணே!"

திருப்ப இடமில்லை. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குப் போனால்தான் வண்டியைத் திருப்பமுடியும். இறங்கவேண்டும் என்றால் இன்னும் ஏறவேண்டும். "கொஞ்சந்தான் பாப்பா, கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஏற்றினான்.  நான் துண்டைக் கடித்துக்கொண்டேன். ஒவ்வொரு அடி உயரத்தையும் கண்ணுக்குள் உணர்ந்தேன், அல்லது உணர்ந்ததாகப் பயந்தேன். எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வளைவுக்கு வந்ததும் மேலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அது விலகும்வரை நின்றோம். அந்தக் காத்திருப்பில் மரத்திலிருந்து குக்குறுவான் ஒன்று நிறுத்தாமல் கத்தியது. அண்ணன் எனக்குக் கேட்கவைக்க நினைத்த சத்தம் அதுதான். அதைவிடக் கொடூரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

இறங்கி நேராக மதுரைக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறித்தான் இருந்தது. மாத்திரை கொடுத்து, சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, திரும்பத் திரும்ப அளந்தார்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டது. ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பிறகு அண்ணனை அழைத்துத் திட்டினார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வீடு வந்து சேர்ந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு, "ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னான். மதினி வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம் இருந்த இடத்தில் வேறெதற்கும் இடமில்லை.

குமிழ் வாரக்கணக்கில் கரைந்தது. பார்வை மேலிருந்து திறந்தது. முதலில் டியூப்லைட், பிறகு ஜன்னலின் மேல்கட்டை, பிறகு அண்ணனின் நரைத்த தலை. கீழே குமிழின் விளிம்பு ஒரு கோடு போலத் தளும்பிக்கொண்டிருக்கும். நடந்தால் அலையடிக்கும். ஒருநாள் அது மிளகு அளவுக்குச் சுருங்கியது. மறுநாள் காலையில் இல்லை.

பார்வை வந்தது. ஆனால் பழைய பார்வை இல்லை. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் ஜன்னல் கம்பிகள் லேசாக வளைகின்றன. வெள்ளையில் ஒரு பழுப்பு சேர்ந்திருக்கிறது. இனி அதில் சீக்கிரமே புரை வளரும், அதற்கும் ஒரு ஆபரேஷன் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அச்சகத்துக்குத் திரும்பிவிட்டேன். எழுத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்கிறேன். மேடுபள்ளத்தில் குலுங்கக்கூடாது என்பதால் கண்மாய்க்கு இன்னும் போகவில்லை. அது ஒன்றுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மறுபடி தூரிகையை எடுக்கவைத்தது மதினி. "ஏ புள்ள, இங்க வந்து பாரு, குப்பையெல்லாம் கோத்துக் கட்டியிருக்கு" என்று ஒருநாள் கூப்பிட்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் கேபிள் வயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும். ஜன்னலுக்கு உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பெட்டியில் வண்ணக்கட்டிகள் காய்ந்து வெடித்திருந்தன. தண்ணீர் விட்டு ஊறவைத்தேன்.  முதல் கோட்டைப் போட்டுவிட்டு, வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன்.

பெண் சிட்டை ஒருவழியாக முடித்துவிட்டேன். ஆண் சிட்டின் கழுத்துதான் பிடிபடவில்லை. இடது கண்ணுக்கு ஊதா, வலது கண்ணுக்கு ஏதோ கறுப்பு. மதினியைக் கேட்டேன். "கத்தரிப்பூக் கலரு" என்றாள். சாப்பிட வந்த அண்ணன் எட்டிப் பார்த்து, "பச்சைல்ல அடிக்குது" என்றான். இரண்டு பேரும் அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். பறவை தலையைத் திருப்பியது. ஊதா போய்ப் பச்சை வந்தது, பச்சை போய்க் கறுப்பானது. நான் மூன்றையும் ஈரத்திலேயே ஒன்றோடொன்று கலக்கவிட்டேன்.

இப்போதும் காலையில் எழுந்தவுடன் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறேன், பிறகு மறுகண்ணை. அதற்குப் பிறகுதான் காலைத் தரையில் வைக்கிறேன். தேன்சிட்டுக் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது. அவை பறந்துபோவதற்குள் வரைந்துவிடவேண்டும்.